மூடிய நூலகமும் மூடாத கடமையும்

இடர்க்காலம் வரும்போது ஓர் அரசு எதை முதலில் நிறுத்துகிறது, எதை இறுதிவரை நிறுத்தாமல் காக்கிறது என்பதைக் கொண்டே, அது எதை மக்களின் உயிர்நிலையாகக் கருதுகிறது, எதை அணிகலனாக மட்டும் கருதுகிறது என்பதை அறியலாம். குடிநீரும் மருந்தும் மின்விசையும் உணவுப் பங்கீடும் எந்நிலையிலும் தடைபடலாகாது என்பதில் இன்று எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வரிசையில் நூலகத்திற்கும் இடமுண்டா என்று கேட்டால் பெரும்பாலோர் சற்றுத் தயங்குவர்; அத்தயக்கம் இயல்பானதே. எனினும், அறிவைப் பொதுவுடைமையாக்குவதாக உறுதி பூண்டு, அதன்பொருட்டு மக்களிடம் வரியும் பெற்றுவரும் ஓர் அரசு, அத்தயக்கத்தையே தன் கொள்கையாக்கிக்கொள்வது தகுமா என்பது, பதற்றம் அடங்கிய காலத்தில் அமைதியாக ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டுத் தமிழ்நாட்டின் பொது நூலகங்கள் அடைக்கப்பட்டன. அத்திங்கள் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 1896ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவரும் கன்னிமாரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மாவட்ட மைய நூலகங்களும், ஓர் அறையும் சில நிலைப்பேழைகளுமே உடைமையாகக் கொண்ட ஊர்ப்புற நூலகங்களும் என 4,600க்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒருசேர ஓய்ந்தன. செப்டம்பர்த் தொடக்கத்தில் பல கட்டுப்பாடுகளோடு அவை திறக்கத் தொடங்கியபோது ஐந்து திங்களுக்கு மேல் கழிந்திருந்தன. 2021இல் இரண்டாம் அலை எழுந்தபோது மீண்டும் அடைபட்டன. அடைத்ததை நாம் குறைகூறவில்லை. பலர் நெருங்கியமரும் கூடத்தைத் திறந்து வைத்து, வருவோர் உயிரையும் பணியாளர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குவது அறிவுத் தொண்டு ஆகாது. நாம் கேட்பது வேறு: கூடத்தின் கதவை அடைத்த ஆணை, நூலை வாசகரிடம் கொண்டு சேர்க்கும் மாற்று வழி எதையேனும் வகுத்ததா?

அந்நாட்களில் உலகெங்கும் செய்தியாளர் பலர் ஆர்வத்தோடு எழுப்பிய கேள்வி, வீட்டில் அடைபட்ட மக்கள் என்ன படிக்கின்றனர் என்பதாகும். விடைகளும் வந்து குவிந்தன. 1947இல் வெளிவந்த ஆல்பெர் காம்யுவின் கொள்ளைநோய் பற்றிய புதினம், இத்தாலியிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் விற்பனையில் மீண்டும் முன்வரிசைக்கு வந்தது. நெடுநாள் வாங்கி வைத்துப் பிரிக்காதிருந்த பெருநூல்களைப் பலர் கையிலெடுத்தனர். நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் கணக்குப்படி, உலகெங்கும் அதன் வழியே 2020இல் நிகழ்ந்த மின்னூல், ஒலிநூல் இரவல்கள் 43 கோடி. முந்தைய ஆண்டைவிட அவை மூன்றில் ஒரு பங்கு மிகுதி. கூடம் மூடியிருந்தும் நூலகம் மூடப்படாதிருந்த நாடுகள் உண்டு என்பதை இக்கணக்கு தெளிவாக உணர்த்துகிறது.

தமிழ் வாசகரும் வாளாவிருக்கவில்லை. 2014இல் தொடங்கி நாள்தோறும் இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டு வந்த 'வெண்முரசு' என்னும் 26 புதினங்களின் வரிசையை எழுத்தாளர் ஜெயமோகன் நிறைவு செய்தது 2020 ஜூலையில்தான். ஊரடங்கு நாட்களில் அவர் தொடர்ந்து எழுதி வெளியிட்ட சிறுகதைகள் நூற்றைக் கடந்தன. அச்சிடுவதும் கொண்டு சேர்ப்பதும் இயலாத நிலையில் வார இதழ்கள் மின்வடிவில் வந்தன. உலகெங்கும் பரவிய தமிழார்வலர்கள் 1998 முதல் ஊதியம் கருதாது தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்துச் சேர்த்த மதுரைத் திட்டத்தின் நூல்கள், சங்கப் பாடல் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புதினம் வரை, தேடுவோர் கைக்கு எட்டின. கதைசொல்லிகளின் குரல்களைக் கேட்டு அறிந்த கதைகளைப் பின்னர்த் தேடிப் படித்தோரும் பலர். இத்தொண்டு புரிந்த எழுத்தாளர்க்கும் தன்னார்வலர்க்கும் தமிழுலகம் நன்றிக்கடன் பட்டுள்ளது.

ஆயினும், என்ன படித்தார்கள் என்னும் கேள்விக்கு விடை கூறியவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டில் புத்தக அடுக்கு உடையவர், மின்னூல் வாங்கப் பொருள் உடையவர், தமக்கென ஒரு கைப்பேசியும் தடையற்ற இணைய இணைப்பும் உடையவர் ஆகியோரே விடை கூறினர். கிளை நூலகத்தின் மேசையைத் தவிரப் படிப்பதற்கு வேறிடம் அற்றவர்களிடம் அக்கேள்வி சென்று சேரவே இல்லை. நூலகம் மூடியிருக்கும்போது மக்கள் என்ன படிக்கின்றனர் என்பதினும், யாரால் படிக்க முடிகிறது என்பதே முதன்மையான கேள்வி என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் பொது நூலகம் தோன்றியதே, நூல் வாங்க இயன்றவர்க்கும் இயலாதவர்க்கும் இடையிலுள்ள பிரிவை நீக்குவதற்காக. அது மூடிய நாள் முதல் அப்பிரிவு பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

அவ்வாறு விடுபட்டோர் யாவர் என்பதை நம் ஊர்களின் கிளை நூலகத்தை அறிந்த எவரும் சொல்ல இயலும். காலையில் கதவு திறக்குமுன்பே வந்து காத்திருந்து, நாளிதழ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடிக்கும் ஓய்வுபெற்ற முதியவர். உறுப்பினர் அட்டையில் கதைநூல்களை எடுத்துச் சென்று, வீட்டுப் பணிகளுக்கிடையே படித்து முடித்துத் தவணை நாளில் திருப்பித் தரும் இல்லத்தரசி. அரசுப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் பொருட்டு, தன் வீட்டில் கிடைக்காத அமைதியையும் வெளிச்சத்தையும் தேடிவரும் உழவர் மகன். பாடநூலுக்கு அப்பால் ஒரு படக்கதையை முதன்முதலாக அங்கே தொட்டுப் பார்க்கும் அரசுப் பள்ளிச் சிறுமி. இவர்கள் வீடுகளில் கைப்பேசி இல்லாமலில்லை. ஆனால் குடும்பம் முழுமைக்கும் ஒன்றாக இருந்த அக்கைப்பேசி, பள்ளிகள் இணையவழி வகுப்புக்கு மாறிய நாள் முதல் பிள்ளைகளின் பாடத்திற்கே போதாதாயிற்று. எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்னும் ஆறுதல் உரை இவர்களைப் பொறுத்தவரை வெறும் சொல்லே.

நூலகத்தின் கடமை கட்டடத்தோடு பிணைந்ததன்று, வாசகரோடு பிணைந்தது என்பது நாம் இன்று புதிதாகக் கூறும் கருத்தன்று. சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலுக்கே வழிகாட்டிய சீ. இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரமே அதுதான்: நூல்கள் பேணி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே, எந்த வாசகரும் தமக்குரிய நூலின்றி இருத்தலாகாது, எந்த நூலும் தனக்குரிய வாசகரின்றிக் கிடத்தலாகாது. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் வாயிலாக அவரும் அவர்தம் தோழர்களும் ஆற்றிய தொண்டின் பயனாக, கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. அச்சட்டத்தின் வழியே சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. வரி செலுத்துவோர் ஒரு கட்டடத்தின் திறப்பு நேரத்திற்காக அதைச் செலுத்தவில்லை. தம் ஊரில் நூல் கிடைக்கும் என்னும் உறுதிமொழிக்காகவே செலுத்துகின்றனர்.

அரங்கநாதன் தம் விதிகளை வெளியிட்ட அதே 1931ஆம் ஆண்டில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை, நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நூலகத்திற்கு வர இயலாதவர்களை நாடி நூலகமே செல்ல வேண்டும் என்று கருதிய அவர், அதற்கெனத் தனிச் சட்டத்தையோ பெருநிதியையோ எதிர்பார்க்கவில்லை. வண்டி வந்து நின்ற இடமே நூலகமாயிற்று. மறுமுறை வரும்போது பழைய நூல்களைப் பெற்றுக்கொண்டு புதியன கொடுத்துச் சென்றனர். சாலையும் மின்விளக்கும் இல்லாத ஊர்களுக்கு, எளிய வசதிகளும் வாய்க்காத ஒரு காலத்தில் இயன்ற இத்தொண்டு, ஊர்தோறும் தார்ச்சாலையும் தொலைத்தொடர்பும் அமைந்துவிட்ட காலத்தில் இயலாமற்போனது என்று கூறுவதை வரலாறு ஏற்காது.

பெருந்தொற்றினும் கொடிய காலங்களில் பிற நாட்டினர் செய்தவற்றையும் நினைவிற் கொள்ளுதல் தகும். 1940 செப்டம்பரில் இலண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியபோது, அந்நகரின் கிழக்கிலுள்ள பெத்னல் கிரீன் நூலகம் குண்டுக்கு இரையாயிற்று. அதன் நூலகர்கள் அடுத்த ஆண்டில், பணி முடிவுறாதிருந்த சுரங்க இரயில் நிலையத்தில், தண்டவாளப் பாதையின் மேல் பலகையிட்டு, ஏறத்தாழ 4,000 நூல்களோடு ஒரு சிறு நூலகத்தை அமைத்தனர். பாதுகாப்புத் தேடி நிலத்தடிக்கு வந்த மக்கள், நூல் பெற்றுச் சென்று தம் படுக்கைகளில் படித்தனர். செர்மானியப் படைகள் ஏறத்தாழ 900 நாட்கள் முற்றுகையிட்டிருந்த இலெனின்கிராடு நகரில், பணியாளர் பலர் பசியால் மடிந்த பின்னரும் அரசுப் பொது நூலகம் வாசகர்க்குத் தொண்டாற்றுவதை நிறுத்தவில்லை. பசியும் குளிரும் வாட்டிய நகரம் அறிவைப் பின்னுக்குத் தள்ளவில்லை என்பதே இம்முன்னிகழ்வுகள் நமக்கு அளிக்கும் சான்று.

நூலகத்தை இழத்தல் என்றால் என்ன என்பதை நம் இனம் மற்றோரினும் ஆழமாக அறியும். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அறிஞர் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதில் வேர்கொண்டு, அரங்கநாதனின் அறிவுரையும் பெற்று வளர்ந்து, தெற்காசியாவின் சிறந்த நூலகங்களுள் ஒன்றாக விளங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே இறுதி நாளின் நள்ளிரவில் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதன் பின்னர் ஒரு தலைமுறை மாணவர் தம் ஊரின் நூல்களை எங்கே படித்தனர் என்னும் கேள்விக்கு, ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி எவரும் படிக்க வழங்கும் நோக்கோடு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் தன்னார்வத் திட்டம் ஒரு விடையாக அமைந்தது. எரிந்துபோன ஒன்றுக்கே மாற்றுவழி காண முடிந்ததெனில், பூட்டி மட்டுமே வைக்கப்பட்ட நிலைப்பேழைகளுக்கு மாற்றுவழி காணாதிருந்ததற்கு நாம் என்ன காரணம் கூற இயலும்?

மின்வழியே எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடுவது எளிய தீர்வாகத் தோன்றலாம். அதில் ஓர் அறச்சிக்கல் உண்டு. 2020 மார்ச்சு 24ஆம் நாள், அமெரிக்காவின் இணைய ஆவணக்காப்பகம் 'தேசிய நெருக்கடிக்கால நூலகம்' என்னும் பெயரில், ஏறத்தாழ 14 இலட்சம் நூல்களைக் காத்திருப்பு வரிசையின்றி மின்வடிவில் எவரும் இரவல் பெறத் திறந்துவிட்டது. சூன் முதல் நாளில் நான்கு பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. அத்திங்களின் நடுவிலேயே அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அக்காப்பகம் நூல்களை மின்வடிவில் இரவல் கொடுத்த முறை சட்டத்திற்கு ஒவ்வாதென்று 2023இல் தீர்ப்பு வந்தது. 2024இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. நம்மிடையேயும் அந்நாட்களில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் தமிழ் நூல்களின் மின்படிகள் எழுத்தாளரின் இசைவின்றிக் கைமாறின. அவற்றைப் பெற்றுப் படித்தோர் அனைவரையும் கள்வரென்று நாம் சாட மாட்டோம்; படிக்கும் வேட்கையும் வேறு வழியின்மையும் அவர்களுள் பலரை அங்கே செலுத்தின. ஆயினும், நூல்விற்பனையால் சிறு வருவாயே பெறும் தமிழ் எழுத்தாளனின் உழைப்பைக் கேளாமல் எடுத்துக்கொள்வது அறமாகாது. வாசகரின் தேவையும் எழுத்தாளரின் உரிமையும் மோதிக்கொள்ளும் இவ்விடத்தில் இருவரையும் காக்கும் பொதுநிறுவனம் நூலகமே. அது விலகி நின்றதால்தான் இருதரப்பும் இழப்புக்கு உள்ளாயின.

இச்சிக்கலுக்குத் தீர்வு காண்பதிலும் தமிழ்நாட்டுக்கென ஒரு நன்முன்மாதிரி உண்டு. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு ஏற்று, பின்னர் அவற்றை மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கியது. அதனைத் தொடர்ந்து, உரியவர்க்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இங்கு நிலைபெற்றது. கல்கி, புதுமைப்பித்தன் முதலியோரின் படைப்புகள் அவ்வாறு பொதுச்செல்வமாயின. ஊரடங்கில் ஒரு மாணவன் 'பொன்னியின் செல்வ'னைக் கைப்பேசியில் தடையின்றியும் குற்றவுணர்வின்றியும் படிக்க முடிந்தது இம்முன்னோக்கின் பயனே. மறைந்த எழுத்தாளர்க்குச் செய்ததை வாழும் எழுத்தாளர்க்கு வேறு வகையில் செய்யலாம்: நூலக ஆணையின் வழியே அச்சுப்படிகளை வாங்குவதுபோல, மின்வடிவ இரவல் உரிமையையும் நேரிய விலைக்கு அரசு வாங்கி, உறுப்பினர் அட்டை உடையோர் எவரும் தவணை முறையில் படிக்க வகை செய்யலாம். எழுத்தாளர்க்கும் பதிப்பாளர்க்கும் வருவாய் சேரும். இசைவற்ற மின்படிகளின் தேவையும் குறையும்.

நூலகத்தை மீண்டும் திறந்ததனால் நிகழ்ந்த இழப்பு ஈடாகிவிட்டது என்று கொள்ளுதல் பிழை. பள்ளிப்பிள்ளைகள் இழந்த கற்றலை உணர்ந்து, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது, அது பாராட்டத்தக்கது. ஆனால் பாடநூலுக்கு வெளியே படிக்கும் பழக்கம், இடைவிடாப் பயிற்சியால் மட்டுமே வேரூன்றுவது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தையிடமிருந்து ஆறு திங்கள் கதைநூல் விலக்கப்படுமாயின், அவ்விடத்தை வேறு பொழுதுபோக்கு நிரப்பிவிடுகிறது. வயது வரம்பு நெருங்கும் தேர்வருக்கு இழந்த ஆண்டு திரும்பாது. தனித்திருக்கும் முதியவர்க்கு நாளிதழ் மேசையே ஊரோடு உறவாடும் களமாக இருந்தது. அதையும் இழந்த நாட்களின் தனிமையை எந்தப் பதிவேடும் காட்டாது. நூலகங்களின் கொள்முதலை நம்பி முதல் பதிப்பை அச்சிடும் சிறு பதிப்பாளர்களும் அவ்விழப்பிலிருந்து எளிதில் மீளவில்லை.

நூலின் வழியே நோய் பரவுமே என்னும் அச்சம் அக்காலத்தில் நேர்மையானதே. அதற்கு விடையும் அக்காலத்திலேயே கிடைத்தது: திரும்பிய நூல்களைச் சில நாட்கள் தனியே வைத்திருந்து பின்னர் வழங்கும் முறையைப் பல நாட்டு நூலகங்கள் கைக்கொண்டன. 2020 நவம்பரில் இங்கிலாந்து மீண்டும் ஊரடங்கிற்குச் சென்றபோது, முன்பதிவு செய்த நூலை வாயிலில் பெற்றுச் செல்ல அங்கு இசைவு இருந்தது. கூடம் வேறு, இரவல் வேறு என்னும் எளிய வேறுபாட்டை அவர்கள் உணர்ந்து நடந்தனர். அமைதியான மேசையை ஒருவர் வீட்டிற்கு அனுப்ப இயலாது என்பதை நாம் ஒப்புகிறோம். நூலை அனுப்ப இயலும் என்பதை ஆள்வோரும் ஒப்ப வேண்டும்.

பெருந்தொற்று நூறாண்டுக்கு ஒருமுறை வருவதெனக் கருதி இதனைத் தள்ளிவைத்தலும் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையையும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளையும் மூழ்கடித்தவை போன்ற வெள்ளங்கள் மீண்டும் வரும். நூலகங்கள் மீண்டும் அடைபடும். வெள்ளமும் நோயும் இல்லாத நாளிலும், கூரை பழுதுற்றும் பணியாளர் இன்றியும் பூட்டிக் கிடக்கும் ஊர்ப்புற நூலகத்தின் முன் நின்று திரும்பும் சிறுவனுக்கு, காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஆகவே நூலகச் சட்டத்தின் விதிகளில் ஒரு தெளிவான கடப்பாட்டைச் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறோம். எக்காரணத்தாலும் ஒரு நூலகம் தொடர்ந்து அடைபட நேருமாயின், குறித்த நாட்களுக்குள் அவ்வூர் உறுப்பினர்க்கு நூல் வழங்கும் மாற்று ஏற்பாட்டைச் செய்வது மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பாதல் வேண்டும். நூலகத்திற்கு வர இயலாதோர்க்குத் தன்னார்வலர் வாயிலாக வீட்டிற்கே நூல் கொண்டு சேர்க்கும் 'நூலக நண்பர்கள்' திட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. அதனை இடர்க்காலப் பணிக்கும் விரித்து, நடமாடும் நூலக ஊர்திகளைப் பெருக்கினால் இக்கடப்பாடு அரசுக்குச் சுமையாகாது. உள்ளாட்சிகள் தண்டும் நூலக வரியை நிலுவையின்றி நூலகங்களுக்கே சேர்ப்பித்தல் இதற்கெல்லாம் முதற்படி.

வாசகர்க்கும் கடமை உண்டு. திறந்திருக்கும் நாளில் உறுப்பினராகாத நூலகம், மூடிய நாளில் நமக்கு உரிமையுடையதாகத் தோன்றாது. கேட்பாரற்ற நிறுவனத்தை எந்த அரசும் முதன்மைப்படுத்தாது. தம் வீட்டு அடுக்கில் நூல் நிறைந்தவர்கள், நூலகம் தமக்கு வேண்டாதது என்று ஒதுங்காமல், அதையே நம்பியிருப்போரின் சார்பில் குரல் எழுப்புதல் வேண்டும். 1948இல் நூலகச் சட்டத்தை இயற்றியோரும் அவ்வாறே, தம் தேவைக்காக அன்றி, நூல் வாங்க இயலாத மக்களின் தேவைக்காகவே உழைத்தனர். அவர்கள் வாசகர்க்கு அளித்த உறுதிமொழியில் இடர்க்காலத்திற்கு விலக்கு ஏதும் எழுதப்படவில்லை. அடுத்த இடர் வருமுன், விலக்கு இல்லை என்பதைச் சட்டத்தின் சொற்களிலேயே எழுதி வைக்குமாறு சட்டமன்றத்தையும் அரசையும் நாம் வற்புறுத்துகிறோம்.